வீணை வந்தாச்சு

"மெதுவா மெதுவா, வீணைக் குடத்தைப் பிடிங்கம்மா" என்று ஆட்டோ அண்ணன் என்னைவிட அதிகமாகப் பதறினார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படி அவ்வளவு குறுகல். ஒருவழியாகக் கூடத்துக்கு வந்துவிட்டது.

தஞ்சாவூர் வீணை. பலா மரம். என்னுடையது!

யாளி முகத்தைத்தான் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள், எனக்கோ மெட்டுகளை, அதாவது தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் உலோகப் பட்டைகளை, விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. கறுப்பு மெழுகின் மேல் 24 மெட்டுகள், ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தந்தியை மீட்டி, காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை நகர்த்தி உட்கார வைத்திருக்கிறார். அந்த மெழுகு சூட்டில் இளகினால் மெட்டு நகரும், அப்புறம் ஸ்வரம் சேராது. அதனால் சென்னை வெயில் எட்டாத மூலை அதற்கு.

இத்தனை வருடம் டீச்சர் வீட்டு வீணைதான். அதில் பாடம் வாசிக்கலாம், சரி. ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம், அந்த 'க' ஸ்வரம், கைக்குப் பிடிபட, யாரும் கேட்காத நேரத்தில் ஒரே தந்தியை இழுத்து இழுத்துத் தேட வேண்டும், அதற்குச் சொந்த வீணை வேண்டும். வீட்டில் கருவி இல்லாததாலேயே பாட்டை விட்ட எத்தனையோ பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

வாசிக்கிறவர்கள் சொல்லுங்கள், மே மாதத்தில் மெழுகை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?