வாய்விட்டுப் படித்தேன், குரூப் 4 கிடைத்தது

போன வாரம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு ரேங்க் வந்தது. 200-இல் 168 கேள்வி சரி, அதில் தமிழ் மட்டும் 91. இரண்டாவது முயற்சி. அம்மா அன்றைக்குக் கம்பெனி வேனை அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முதல் தடவை 131. பனியன் கம்பெனியில் செக்கிங் முடித்து எட்டரைக்கு வீடு வந்து, யாருக்கும் கேட்காமல் வாய்க்குள்ளேயே படிப்பேன். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வினாத்தாளைப் பிரித்தால் நாலு விடையும் சரி மாதிரியே தெரியும்.

அப்புறம் கம்பெனியை விட்டேன். பகலில் வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை, சாயங்காலம் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம். மாதம் 1000 ரூபாய். அந்தப் பணத்துக்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் என்னைத் தேற்றியது அந்த வகுப்புத்தான்.

ஆகுபெயர் நடத்திய நாள். "திருப்பூர் தூங்காது என்றால் யார் தூங்க மாட்டாங்க?" என்று கேட்டேன். ஒரு பொண்ணு எழுந்து, "எங்கம்மாதானுங்க அக்கா, நைட் ஷிப்ட்" என்றாள். ஊர்ப் பேர் ஊர்க்காரர்களைக் குறிக்கும் இடவாகுபெயர் எனக்கு இனி மறக்காது. ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சத்தமாகச் சொல்ல வராத பாடம் உங்களுக்கு வராத பாடம். கைடை மூடிவிட்டு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நொய்யல் கரைக்கு, கொடுமணலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம். கல்மணி செய்த ஊர், பானை ஓட்டில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பேர் கிடைத்த ஊர். பஸ்ஸில் தீரன் சின்னமலை படையில் இருந்த, அருந்ததியரான பொல்லானைப் பற்றிச் சொன்னேன். "அவரு நம்ம சனம்" என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. "அதை மட்டும் ஏங்க்கா மெதுவாச் சொல்றீங்க?" என்று ஒருத்தன் கேட்டான். கம்பெனியில் எந்தத் தெரு என்று கேட்டால் பஸ் ஸ்டாப் பேரைச் சொல்லித் தப்பித்தவள் நான். அவனுக்காகத் திரும்பச் சத்தமாகச் சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை:

சாதிச் சான்றில் அருந்ததியர் என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள். எஸ்.சி. ஒதுக்கீட்டுக்குள் 2009-இல் வந்த 3% உள் ஒதுக்கீடு நமக்கானது, விண்ணப்பத்தில் கூச்சப்பட்டு விடாதீர்கள்.

தமிழ்வழிச் சான்றிதழ்! ஒன்றாவது முதல் பத்தாவது வரை, படித்த ஒவ்வொரு பள்ளியிலும். நான் படித்த ஒரு பள்ளியில் "நாளைக்கு வாம்மா" என்றே ஏழு தடவை அலைய விட்டார்கள். எட்டாவது தடவை, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான இந்த 20% ஒதுக்கீடு எனக்குச் சட்டம் கொடுத்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அன்றைக்கே பதிவேடு கிடைத்தது. அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள்.

கணக்கு 25-இல் எனக்கு 19 தான். அதற்கு வேறு யாரிடமாவது கேளுங்கள்.

ஆறு முதல் பத்து வரை தமிழ்ப் புத்தகம், வரி விடாமல்.

கலந்தாய்வுத் தேதி இன்னும் வரவில்லை. தெருவில் எட்டாவது படிக்கிற ஐந்து பேருக்கு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதுவரை ஆறு மணி வகுப்பு நடக்கும்.