உப்புக்காற்றும் அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னல் கம்பிகளுக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடிக்கும் நாங்கள், அதே காற்று சிபியுவுக்குள்ளும் புகுந்து போகிறது என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. சென்ற மாதம், அப்பா எடுத்த புகைப்படங்கள் அத்தனையும் இருந்த ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், திடீரென்று கணினியில் தெரியாமல் போனது.

விண்டோஸ் தனியே ஓர் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்கில்) இருந்ததால் கணினி வழக்கம்போல் இயங்கியது. முதலில், கணினியில் மாட்டிய டிஸ்க்குகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். டிஸ்க் அங்கே தெரிந்து, டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். ஆனால் 'இனிஷியலைஸ்' (டிஸ்க்கைப் புதிதுபோல் தயார்) செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே நமக்கு வேண்டியவை இருக்கும்வரை சம்மதிக்கவே கூடாது. எனக்கோ அங்கே ஒன்றுமே தெரியவில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் பயாஸிலும் அதன் பெயர் வராததால், கோளாறு விண்டோஸில் இல்லை என்பது உறுதியாயிற்று.

டிஸ்க்கின் மேல் விரலை வைத்தபோது மெல்லிய அதிர்வு தெரிந்தது. மோட்டாருக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. 'டக், டக்' என்ற ஓசை கேட்டிருந்தால் அந்த நொடியே கணினியை அணைத்திருப்பேன், ஏனெனில் ஹெட் (தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை) பழுதான டிஸ்க்கை ஓடவிட்டால் உள்ளிருக்கும் தட்டில் கீறல் விழக்கூடும். அப்படி எதுவும் கேட்கவில்லை. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், மைத்துனரின் கணினியில் மாட்டியும் பார்த்தேன்; பலனில்லை.

கடையில் காட்டியபோது, டிஸ்க்கின் வெளிப்பக்கம் இருக்கும் சர்க்யூட் போர்டைக் காட்டி, "வேற போர்டு போட்டுடலாம் சார்" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கென்று தொழிற்சாலையிலேயே அளந்து பதித்த குறிப்புகள் போர்டில் இருக்கும் சிப்பில் இருப்பதால், அதையும் எடுத்துப் பொருத்தாமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

ரிச்சி தெருவில் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி வந்து, வெளிப்பக்கம் இருக்கும் போர்டை மட்டும் கழற்றினேன். தட்டுகள் இருக்கும் மேல்மூடியை வீட்டில் திறக்கவே கூடாது, ஒரு தூசி போதும் பாழாக்க. போர்டைத் திருப்பியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது: மோட்டாருக்கான தொடுபுள்ளிகள் ஓரளவு பளபளப்பாக இருக்க, ஹெட்டுகளுக்குச் செல்லும் சிறிய தொடுபுள்ளிகள் கரிபிடித்தாற்போல் கறுத்துக் கிடந்தன. மோட்டார் சுற்றியும் டிஸ்க் தெரியாமல் இருந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. மகளின் பென்சில் ரப்பரால் அழுத்தாமல் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கறுப்பு ரப்பரில் ஒட்டிக்கொண்டு வர, அடியிலிருந்த பளபளப்பு மெல்லத் தெரிந்தது. துகள்களை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, போர்டைப் பொருத்தினேன்.

பயாஸில் டிஸ்க்கின் பெயர் வந்தது. உடனே வேறெதையும் சோதிக்காமல், முதல் வேலையாகப் புகைப்படங்களைப் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது நகல் இப்போது கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் பெரம்பூரில், அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது.