மேஜர் கேப்டனான கதை

ஒருவழியாக உட்கார்ந்துவிட்டன. தோளுக்கு மூன்று, மொத்தம் ஆறு நட்சத்திரங்கள். பத்து நாளாக உயிரை வாங்கிய கொலு பொம்மை, எங்கள் என்சிசி (தேசிய மாணவர் படை) சார், இப்போது கேப்டன்.

முதலில் மேஜராக்கத்தான் திட்டம். மேஜருக்குத் தோளில் ஒரே ஒரு அசோகச் சிங்கம், வேலை குறைவு என்று நினைத்தேன். ஒன்பது அங்குலக் காகிதக்கூழ் பொம்மைக்கு அந்தச் சிங்கம் உளுந்து அளவு! ஓட்டை அடைக்கும் எம்-சீல் மாவில் மூன்று முறை செதுக்கினேன். ஒன்று பூனை, இன்னொன்று ஆந்தை, மூன்றாவதை என் பெண் மைசூர்பாகு என்றாள். 1950க்கு முன்னால் ராணுவ மேஜருக்குக் கிரீடம்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆளாகச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். சரி, பதவியை இறக்கியாயிற்று.

நட்சத்திரத்துக்கு ஜமிக்கி ஆகவில்லை, நடுவில் ஓட்டை. நகத்தில் ஒட்டும் தங்க நட்சத்திரங்கள் மூன்று மில்லிமீட்டரில் ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைத்தன. ஒட்டுவதில்தான் சனி பிடித்தது. உடனே ஒட்டும் பசை காக்கி பெயின்டின் மேல் வெள்ளை பூத்தது. இரண்டு முறை சுரண்டி, மறுபடி காக்கி அடித்தேன். கடைசியில் கையிலேயே இருந்த ஃபெவிகால்! ஊசி முனையில் ஒரு பொட்டு வைத்து, ஈரப் பல்குச்சியால் நட்சத்திரத்தைத் தொட்டு எடுத்து வைக்க வேண்டும். காய்வதற்குள் நகர்த்திக்கொள்ளலாம். மூன்றின் முனையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் பரேடில் கால் மாற்றிப் போட்டவன் மாதிரி தனியாகத் தெரிகிறது.

பெருமையோடு எதிர்வீட்டு மாமாவிடம் காட்டினேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, நாக்பூர் பக்கத்துக் காம்ப்டியில் என்சிசி ஆபீசர் பயிற்சி எடுத்து, பல வருஷம் என்சிசி நடத்தியவர். "பின்னால நிக்கறது எல்லாம் ஸ்கூல் பசங்களாம்மா? அப்போ கேப்டன் எங்கேர்ந்து வந்தார்? ஸ்கூல்ல தேர்ட் ஆபீசர், செகண்ட் ஆபீசர், ஃபர்ஸ்ட் ஆபீசர், சீஃப் ஆபீசர்தான். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் எல்லாம் காலேஜுக்கு" என்றார்.

நட்சத்திரத்தில் மறுபடி கை வைக்க எனக்குத் தெம்பில்லை. எட்டுப் பையன்களுக்கும் அரும்பு மீசை வரைந்து காலேஜில் சேர்த்துவிட்டேன்.

தோள்பட்டியின் கைப்பக்க ஓரத்தில் என்சிசி எழுத்துகள் பாக்கி. மெல்லிய செம்புக் கம்பியை வளைத்துப் பார்க்கிறேன். இரண்டு 'சி'யும் சுலபம், 'என்'தான் வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்குள் பசங்கள் தொப்பியில் வைக்கும் ஹேக்கிள் என்ற குஞ்சத்துக்குச் சிவப்பு உல்லன் நூல் வாங்கியாயிற்று. அடுத்த வருஷம் கடற்படைப் பிரிவு செய்யலாமா என்றும் யோசனை. வெள்ளை உடை, காக்கி கலக்கும் தொல்லை இல்லை.