மாடு இல்லாமல் நிற்கும் எங்கள் ஊர்ச் சாமி

எங்கள் ஊர் திருவெண்காடு. புதன் தலம் என்று வெளியூர்க்காரர்கள் வருவார்கள், முக்குளத்தில் நீராடிவிட்டுப் போவார்கள். ஆனால் எங்கள் ஊரின் ரொம்ப அழகான சாமிகளைப் பார்க்கத் தஞ்சாவூர் அரண்மனைக்குத்தான் போக வேண்டும். அங்கேயுள்ள கலைக்கூடத்துக்குப் போன மாதம் அப்பாயியை அழைத்துப் போனேன்.

நாயக்கர்கள் கட்டிய அரண்மனை அது. 1670-களில் மராட்டியர் கைக்கு வந்தது. 1855-இல் தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அரசையே கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தர்பார் மண்டபத்தில் இன்று அவருடைய அப்பா சரபோஜியின் வெள்ளைச் சலவைக்கல் சிலை நிற்கிறது, லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியது. அப்பாயி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கலைக்கூடம் தொடங்கியது 1951-இல். கவனிப்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்ததில் எழுத்தாளரும் அரசு அதிகாரியுமான தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். தாராசுரத்து யானை உரித்த சிவனெல்லாம் இங்கேதான் இருக்கிறார்.

எங்கள் ஊரில் மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்ததும் அதே 1951-ஐ ஒட்டித்தான். படையெடுப்புக்குப் பயந்து யாரோ புதைத்து வைத்திருக்கலாம் என்பார்கள். அப்பாயி அப்போது சின்னப் பெண். மண் ஒட்டிய முகத்தோடு சாமியைப் பார்த்ததாக இன்றும் சொல்வார்.

அந்தச் சாமிதான் ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் குறுக்கே வைத்து, வேலை முடித்துக் களத்துமேட்டில் நிற்கிற ஆள் மாதிரி அவ்வளவு இயல்பாக நிற்கிறார். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டியிருக்கிறார், அதில் பாம்புகள் நெளிகின்றன. இரண்டே கைகள். ஒன்று தொடைமேல். இன்னொன்று மாட்டின்மேல் சாய்வதற்காக மடங்கியிருக்கிறது, ஆனால் மாடு இல்லை. 1011-இல், ராஜராஜன் காலத்தில், கோலக்கவன் என்பவர் செய்து வைத்ததாகக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்திலிருக்கும் அம்மன் அடுத்த வருஷம் வந்தவர். இந்த ரிஷபவாகனரின் உடம்பு வளைவுக்கு முன்னால் எனக்கு வேறு எந்தச் சிலையும் நிற்காது. சென்னையிலிருக்கும் எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்யாணசுந்தரர் முன்னால் அப்பாயி நெடுநேரம் நின்றார். சிவன் கையைப் பிடித்திருக்க, பார்வதி வெட்கப்பட்டுத் தலை கவிழ்ந்திருக்கிறாள். "நம்ம வீட்டுப் பொண்ணுடா" என்றார்.

அப்புறம் ரிஷபவாகனரிடம் திரும்பி வந்து, பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

"தம்பி, பூ வைக்கலாமா?"

"கூடாது பாட்டி. கும்பிட்டுக்கங்க" என்றார் காவலர், மெதுவாக.

சரி என்று சரத்தை மறுபடி இலையில் சுருட்டி வைத்துக்கொண்டார். செருப்பை எப்போது கழற்றினாரோ தெரியவில்லை, வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"ஏண்டா, மாடு எங்கே?"

"கிடைக்கலை அப்பாயி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கொல்லையில் தென்னங்கன்று வைக்க ஆள் வந்திருந்தார். அப்பாயி குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கடப்பாரையைப் பார்த்துப் போடுப்பா" என்று ஆழம் போகப்போகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.