வெப்பம் மட்டும் ஏன் இரண்டு மடங்கு? தகைவு டென்சரோடு ஆறு வாரம்

எஃகு வேகமாகச் சிதையும்போது எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட, ஒரு ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளோடு (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) இணைந்து ஓடும் சப்ரூட்டின் ஒன்றை எழுதினேன். எழுத நான்கு நாள். அது சரியான எண்ணைக் கொடுக்க ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் நான்கை வேறு யாரும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தகைவு, திரிபு, யீல்டு எல்லாம் தெரிந்தவர்களுக்கானது இது.

இழுவிசைச் சோதனை முதல் நாளே பொருந்திவிட்டது. அடுத்தது எளிய ஷியர் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சிதைவு). ஷியர் தகைவு 200 மெகா பாஸ்கலில் யீல்டாகி அப்படியே நிற்கும் எஃகு. காமாவை, அதாவது ஷியர் திரிபை, 1 வரை கொண்டுபோகிறோம். செய்த வேலை கனமீட்டருக்கு 200 மெகா ஜூல். அதில் 90 சதவீதம் வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டேன் (டெய்லர், குவின்னி 1934-இல் அளந்ததிலிருந்து வழிவழியாக வரும் மதிப்பு). எஃகின் ஒரு கனமீட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3.7 மெகா ஜூல் வேண்டும். ஆக 49 டிகிரி உயர வேண்டும். எனக்கு 97 வந்தது.

தகைவு வரைபடமோ அப்பழுக்கில்லாமல் இருந்தது. 200-இல் கோடு போட்டதுபோல் நின்றது. தகைவு சரி, திரிபு சரி, வெப்பம் மட்டும் இரு மடங்கு என்றால் எங்கே போய்த் தேடுவது? மென்பொருளின் உதவிப் பிரிவுக்கு எல்லாக் கோப்புகளையும் அனுப்பினேன். ஐந்து நாள் கழித்து ஒரே வரி: மெஷை (பொருளைப் பிரித்த துண்டுகளின் வலையை) இன்னும் நுணுக்கிப் பாருங்கள். நம்பி நான்கு முறை நுணுக்கினேன். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு முழு இரவு. ஒவ்வொரு முறையும் அதே 97. அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கடைசியில் மெஷையே தூக்கிப்போட்டுவிட்டு ஒரே ஒரு எலிமென்ட்டை வைத்து ஓட்டினேன். அதிலும் 97. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

காரணம் கையேட்டின் பின்னிணைப்பில் ஒற்றை வரியாகக் கிடந்தது. சமச்சீர் டென்சரின் (தகைவையோ திரிபையோ எல்லாத் திசைக்குமாக எழுதும் 3×3 அணி) ஆறு கூறுகளை ஃபோக்ட் முறையில் ஒரே பட்டியலாகத் தரும்போது, அந்த மென்பொருள் ஷியர் இடத்தில் டென்சரின் ‘12’ கூற்றை (முதல் நிரை, இரண்டாம் நிரலில் இருப்பதை) வைப்பதில்லை, காமாவின் வீதத்தை வைக்கிறது. அதாவது உருத்திரிபு வீத டென்சரின் கூற்றைப்போல் இரண்டு மடங்கு. தகைவையும் உருத்திரிபு வீதத்தையும் பெருக்கித் திறனைக் கூட்டும்போது 12, 21 இரண்டும் வருவதால் ஷியரை இரண்டால் பெருக்க வேண்டும். ஏற்கெனவே இரட்டித்து வந்ததை நான் மறுபடி இரட்டித்தேன். இழுவிசைச் சோதனையில் ஷியர் கூறுகள் சுழியம், எனவே பிழை தெரியவில்லை. ஷியரிலோ தகைவு யீல்டு எல்லையைத் தாண்ட முடியாது, எனவே அங்கும் தெரியவில்லை. மீள்மைப் பகுதியின் சரிவு இரு மடங்காகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் எஃகு காமா 0.0025-இலேயே யீல்டாகிவிடும்; 1 வரை நீளும் அச்சில் அதை எந்தக் கண் பார்க்கும்? ஒரு வரியைத் திருத்தியதும் 48.6 வந்தது. அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது சுழற்சி. 100 மெகா பாஸ்கல் இழுவையில் இருக்கும் கட்டையை உருமாற்றாமல் 90 டிகிரி திருப்பினால், தகைவும் கூடவே திரும்பி 11-லிருந்து 22-க்குப் போக வேண்டும். அதற்காக யாவ்மன் வீதத்தை (பொருள் சுழலும்போது தகைவையும் கூடவே சுழற்றும் சமன்பாட்டை) சேர்த்திருந்தேன். சோதனை தேறியது. ஆனால் உண்மையான கணக்கில், பொருள் புரளும் இடங்களில் தகைவு தாறுமாறாக வந்தது. இதற்குப் பத்து நாள் போயிற்று. முதன்மை மென்பொருள் சி மொழியில், என்னுடையது ஃபோர்ட்ரானில். முன்னது அணியை நிரைவாரியாக அடுக்கும், பின்னது நிரல்வாரியாக. திசைவேகச் சரிவு டென்சர் (இடத்துக்கு இடம் திசைவேகம் எப்படி மாறுகிறது என்பது) எனக்கு நிரைநிரல் மாறி வந்திருக்கிறது. அப்படி மாறினாலும் அதன் சமச்சீர்ப் பகுதியான உருத்திரிபு வீதம் மாறாது. எதிர்ச்சமச்சீர்ப் பகுதியான சுழற்சி மட்டும் குறி மாறும். ஆக என் தகைவு எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தது. வலப்பக்கம் 90 டிகிரி திருப்பினாலும் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பினாலும் 22-இல் 100-தான் வரும். அந்தச் சோதனை பிடிக்கவே முடியாத பிழை இது. தயவுசெய்து 30 டிகிரி திருப்புங்கள்: 11-இல் 75, 22-இல் 25, 12-இல் 43.3 வர வேண்டும். எனக்கு கடைசி எண் கழித்தல் 43.3 என்று வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீள்மை மட்டும் உள்ள பொருளில் யாவ்மன் வீதத்தோடு ஷியரைப் பெரிதாக்கினால், காமா 1.57 தாண்டியதும் ஷியர் தகைவு இறங்கத் தொடங்கி 3.14-இல் சுழியமாகும். அது உங்கள் பிழையல்ல. அந்தச் சமன்பாட்டின் விடையே சைன் அலைதான். டீன்ஸ் 1979-இல் இதைக் காட்டியிருக்கிறார். எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் போயிற்று.

கடைசிப் பிழை கூறுகளின் வரிசையில். மென்பொருள் 12, 23, 31 என்று தருகிறது. நான் 12, 13, 23 என்று படித்தேன். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பொருள் என்பதால், சுழற்சி இல்லாதவரை இந்தக் குழப்பத்தால் எந்த எண்ணும் மாறாது. 23-இல் 50 வைத்து மூன்றாம் அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்பிய பிறகுதான் வெளிப்பட்டது: 31-இல் கழித்தல் 50 வர வேண்டும், கூட்டல் 50 வந்தது. திருத்தினேன். அன்றிரவே முழு மாதிரியையும் ஓட்டவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தபோது, உள்ளே போன வேலையும், வெப்பம், மீள்மை ஆற்றல், வெப்பமாகாமல் உலோகத்தில் தங்கிய மீதி 10 சதவீதம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் மூன்றாம் தசமம் வரை ஒத்துப்போயிருந்தன.