‘ல்’ மேல் ஒரு புள்ளி

“பெரியப்பா, ‘வேல்’ல புள்ளி தெரியுதா?”

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இல்லையேம்மா.”

மொரிஷியஸில், ரோஸ் ஹில் ஊர் வீட்டில் தைப்பூசக் காவடி அறிவிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. புது மடிக்கணினி, 3840×2160 திரை. எல்லாம் பளிச்சென்று இருக்க, அவருடைய பழைய அச்சுச் செயலி மட்டும் புகை படிந்த மாதிரி.

அது அங்குலத்துக்கு 96 திரைப்புள்ளி (பிக்சல்) என்ற பழைய கணக்கில் வரைகிறது. கணினி அதைப் படமாக இழுத்துப் பெரிதாக்குகிறது. அந்த இழுப்பில் கரைவது நம் மெய்ப்புள்ளிதான்.

விண்டோஸ் 10-இல் 2017 முதலே வழி இருக்கிறது. செயலியின் பண்புகளில், ஹை டிபிஐ (நெருக்கமான திரைப்புள்ளிகள் கொண்ட திரை) அமைப்பை ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்று மாற்றினேன். இனி எழுத்தைப் படமாக இழுக்காமல், பெரிய அளவிலேயே கணினி வரையும். மூடித் திறந்தோம்.

‘ல்’ மேல் சின்னதாய், கருப்பாய் நின்றது. பெரியப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஒரு மாதமாகக் கண் போய்விட்டது என்றே நினைத்திருந்தாராம். இன்னும் எத்தனை வீட்டில் பெரியவர்கள் தங்கள் கண்ணையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ.