முகட்டைத் தாண்டி வந்த சிகி: இசே மாதிரி, இப்போதைய நிலவரம்

ஒருவழியாக சிகி, அதாவது கூரை முகட்டுக்கு மேலே பெருக்கல் குறிபோல் நீட்டி நிற்கும் மரக்கொம்பு, நின்றுவிட்டது. ஒட்டவைத்த சிகி இல்லை. கூரையின் ஓரப்பலகையே முகட்டைத் தாண்டி மேலேறி, குறுக்காகப் பிரிந்து நிற்கிறது. ஜப்பானின் இசே கோயிலில் உள்கோயிலான நைகூவின் மூலக்கோயிலை 1:50 அளவில் செய்யும் மாதிரியில் என்னை ரொம்ப நாள் இழுத்தடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

ஷின்தோ (ஜப்பானின் மரபுச் சமயம்) கோயில் மாதிரி செய்கிறவர்கள் பலர் முகட்டின் மேல் ஒரு பெருக்கல் குறியை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பிற்காலக் கோயில்கள் பலவற்றில் நிஜத்திலேயே சிகி தனி உறுப்புதான், அங்கே ஒட்டினால் தப்பில்லை. இசேயில் அப்படிச் செய்தால் கட்டடத்தின் தர்க்கமே போச்சு. தூண்கள் கல் பீடம் இல்லாமல் நேரே மண்ணில் இறங்குகின்றன, கூரையில் வளைவே கிடையாது, மரத்துக்கு வண்ணமும் கிடையாது. எல்லாமே வெளிப்படை. அங்கே போய் ஒரு பொய் உறுப்பை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டு ஓரப்பலகைகளும் முகட்டில் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும். என் மாதிரியில் பலகையின் கனம் 3 மி.மீ., அகலம் 6 மி.மீ. வெட்டிய இடத்தில் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. மரத்தின் ரேகை கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் போதும், கையில் எடுக்கும்போதே ‘டிக்’. கடைசியில் கைகொடுத்தது முறையைத் தலைகீழாக மாற்றியதுதான். முதலில் 20 மி.மீ. அகலப் பட்டையிலேயே வெட்டை எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, அப்புறம்தான் பக்கங்களை இழைத்து 6-க்குக் கொண்டுவந்தேன். அகலம் இருக்கும்வரை உடையாது. ஒட்டிய பிறகு இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

நுனி வெட்டுக்கு இன்னொரு வழி. நைகூவில் சிகியின் நுனி கிடைமட்டம், இசேயின் வெளிக்கோயிலான கெகூவில் செங்குத்து. கிடைமட்டம் என்பது நமக்கு வசதி: நான்கு நுனிகளும் ஒரே மட்டத்தில் வருகின்றன. கூரைச் சட்டத்தை ஜிக்கில் (அசையாமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு) நிறுத்தி, இரு பக்கமும் ஒரே உயரக் கட்டை வைத்து, இழுப்பு வாளை அதன் மேல் படுக்கப் போட்டு இழுத்தால் அளக்கவே வேண்டாம். (கிடைமட்டம் என்றால் பெண் தெய்வம், செங்குத்து என்றால் ஆண் தெய்வம் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கெகூவில் இருக்கும் தொயோஉகேயும் பெண் தெய்வம்தான். அந்த விதி அங்கேயே அடிபட்டுப்போகிறது.)

மரம் வெட்பாலை. சென்னபட்டணா பொம்மைகள் கடைகிற அதே மரம். இசேயின் மரமான ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது? பைனில் வருட வளையங்கள் தடிப்பானவை, இந்த அளவில் வரிக்குதிரை மாதிரி தெரியும். வெட்பாலை வெளுப்பு, ரேகை பொடிசு. ஆனால் போன தடவை ஒரு கடைக்காரர் அந்தப் பேரைச் சொல்லி வேறு ஏதோ வெள்ளை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார். உளி பட்டதும் நார்நாராகப் பிய்ந்தது. வாங்கும்போது ஓரத்தில் கத்தியால் சீவிப் பார்த்துவிடுங்கள்.

முகட்டின் மேல் குறுக்கே கிடக்கும் கத்சுவோகி உருளைக்கட்டைகள் பத்தும் கடைந்தாயிற்று (கெகூ செய்தால் ஒன்பது போதும்). ஓரப்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முச்சிககே கம்புகள், பலகைக்கு நான்கு வீதம் பதினாறு, இன்னும் பாக்கி. கைப்பிடிக் கிராதியின் மேல் வரும் ஐந்து நிற உருண்டைகளுக்குப் பாசிமணி எடுத்து வைத்திருக்கிறேன். கறுப்பு மட்டும் அதிகம் மினுக்குகிறது, உப்புத்தாளில் உருட்ட வேண்டும்.

இரு முனையிலும் சுவரை விட்டு வெளியே தனியாக நிற்கும் முகட்டுத் தூண்களை நட்டுவிட்டேன். எனக்குப் பிடித்த உறுப்பு அது. இருபது வருடத்துக்கு ஒருமுறை கோயிலைப் புதிதாகக் கட்டும்போது, பழைய முகட்டுத் தூண்கள் நைகூவுக்குள் நுழையும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரி வாசல்களாக மாறுகின்றன. கடைசிப் புதுப்பிப்பு 2013-ல் நடந்த 62-வது, அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025-லேயே தொடங்கிவிட்டன. நடு ஜப்பானின் கிசோ காட்டில் சடங்குக்கான ஹினோக்கி மரத்தை ரம்பம் தொடாமல், கோடாலியால் மூன்று பக்கமும் குடைந்து, மூன்று பிடிப்பு மட்டும் விட்டு, கடைசியில் ஒன்றை வெட்டிச் சாய்ப்பார்கள். எந்தப் பக்கம் விழும் என்பது வெட்டுகிறவர்கள் கையில்.

அடுத்து கூரை வேய வேண்டும். பூந்துடைப்பத்தின் பூப்பகுதியைப் பிரித்து, கீழிருந்து மேலாக அடுக்கி ஒட்டிப் பார்க்கிறேன். மேல்பரப்பு நன்றாக வருகிறது, தாழ்வார விளிம்புதான் சதி செய்கிறது. அங்கே புல் கனமாக, கத்தி வைத்தாற்போல் நறுக்கென்று முடிய வேண்டும். எனக்கு வெட்ட வெட்ட விரிகிறது. நீர்த்த பசையில் முக்கி, இரு பலகைக்கு நடுவே இறுக்கிக் காயவைத்து அறுத்தால் சரிவரும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் மனசு ஜப்பானின் நகானோ மாகாணத்து நிஷினா ஷின்மெய் கோயிலுக்குப் போய்விட்டது. இசேயின் கட்டடப் பாணியான ஷின்மெய் பாணியில் இன்று நிற்பவற்றில் மிகப் பழையது, கூரை ஹினோக்கிப் பட்டை. பட்டை என்றால் இந்தப் புல் தொல்லை இருக்காது. யூகலிப்டஸ் உரிபட்டையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கத்சுவோகி முனைகளின் பொன் தகட்டுக்கு 0.1 மி.மீ. பித்தளைத் தகடு வேண்டும். உள்ளங்கை அளவு போதும், கேட்ட இடத்தில் முழுச் சுருளாகத்தான் தருவேன் என்கிறார்கள். யாரிடமாவது துண்டு இருந்தால் சொல்லுங்கள், வெட்பாலைக் கட்டை மாற்றாகத் தருகிறேன்.